எழுத்துக்குள் படம் பொருத்தும் முறை

சென்ற ஆண்டு உடையார்பாளையம் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். செலவுச் சீட்டுகளுக்கிடையே பெயர்ச்சீட்டு அச்சிட்ட ரசீது ஒன்று இருந்தது. சீட்டுகள் இருந்தன; ஆனால் ஒன்றுகூடச் சேலையில் ஒட்டப்படவில்லை. காரணம் வினவியபோது செயலாளர் வாய் பேசாமல் சீட்டு ஒன்றை எடுத்து நம் முன் வைத்தார். 'கைத்தறிப் பட்டு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கைததறிப படடு' என்று இருந்தது. எழுத்துகளுக்குள் சேலையின் படம் வெகு நேர்த்தியாகப் பதிந்திருந்தது. புள்ளிகளைத்தான் காணவில்லை.

அருகிலிருந்த மூத்த நெசவாளர் ஒருவர், "ஐயா, படத்தைப் பார்த்து மயங்கிவிட்டோம், எழுத்தைப் பார்க்கவில்லை" என்றார். அந்த மாதிரிப் படிவம் அச்சுக்குப் போகுமுன் கைப்பேசியில் நமக்கும் வந்திருந்தது என்பதையும், "நன்றாக இருக்கிறது" என்று பதில் எழுதியவர்களில் நாமும் ஒருவர் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்வது முறை. அவருடைய வார்த்தை நமக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது.

ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், வாரியங்காவல், இலையூர் பக்கங்களில் நெய்யப்படும் பட்டு, வேற்றூர்ப் பெயரைத் தாங்கிக் கடையில் விற்பனையாவதை நாம் கண்டதுண்டு. நெய்தவர் பெயரும் நெய்த ஊரும் வாங்குபவர் கண்ணில் படும் ஒரே இடம் அந்தச் சிறு சீட்டுதான். ஆகவே, எழுத்துக்குள் படத்தைப் பொருத்தும் வேலையை அச்சகத்தாரின் மர்மமாக விட்டுவைக்காமல், நம் அங்கத்தினர்களும் அவர்தம் பிள்ளைகளும் தாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தால் இம்மாதப் பாடத்தை இதற்கென ஒதுக்கினோம். விளைபொருள் சங்கத்து அன்பர்கள் இது நமக்கன்று என்று தாளைப் புரட்டிவிட வேண்டா. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்திற்கும் பருத்திக்கும் இம்முறை அப்படியே பொருந்தும்.

முதலில் தத்துவத்தைப் பார்ப்போம். சாக்கின் மேல் பெயர் போடுவதற்குத் தகரத் தகட்டில் எழுத்துகளை வெட்டி வைத்திருப்பதை எல்லோரும் அறிவோம். தகட்டைச் சாக்கின் மேல் வைத்து மையைத் தடவினால், வெட்டிய இடத்தின் வழியாக மட்டுமே மை இறங்கும். கணினியில் நாம் செய்யப்போவதும் அதுவேதான். எழுத்து என்பது தகட்டில் வெட்டிய சாளரம். படம் என்பது அதன் பின்னே விரித்து வைத்த துணி. சாளரத்தின் அளவுக்கு மட்டும் துணி தெரியும். மீதித் துணி கத்தரிக்கப்படுவதில்லை. மறைந்து நிற்கிறது, அவ்வளவே. வேண்டும்போது சாளரத்தை நீக்கிவிட்டால் முழுத் துணியும் திரும்ப வெளிப்படும். இதை நன்கு மனத்தில் இருத்திக்கொண்டால், படம் பாழாகிவிடுமோ என்ற அச்சம் தானே அகலும்.

தகட்டு உவமையில் இன்னொரு பாடமும் உண்டு. 'ண', 'ழ' போன்ற எழுத்துகளில் சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்தைத் தகட்டில் வெட்டினால், நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதனால்தான் தகடு வெட்டுபவர் மெல்லிய பாலம் ஒன்றை விட்டு வெட்டுவார். கணினியிலும் இதே ஆபத்து வேறு உருவில் வருகிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

இந்த வேலைக்கு ஏற்ற மென்பொருள்கள் பல உண்டு. நம் ஊர் அச்சகங்களிலும் பதாகைக் கடைகளிலும் பெரும்பாலும் காணப்படுவது கோரல்டிரா; இது 1989-ல் வெளிவந்தது, விலை கொடுத்து வாங்க வேண்டியது. இங்க்ஸ்கேப் என்பது 2003-ல் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்படுவது. விலையில்லை, உரிமக் கட்டணமும் இல்லை. சங்கத்தின் பணத்தில் வாங்காத மென்பொருளைத் திருட்டுப் பிரதியாக ஏற்றி வைத்திருப்பது நமக்கு உடன்பாடன்று. ஆதலால் இங்க்ஸ்கேப்பைக் கொண்டே விளக்குவோம். இவ்விரண்டும் கோட்டு வரைவு மென்பொருள்கள். அதாவது, எழுத்தைப் புள்ளிகளின் குவியலாக அன்றி, வளைகோடுகளின் கணக்காக வைத்துக்கொள்பவை. ஆகவே எழுத்தின் விளிம்பு சீட்டிலும் சரி, பத்தடிப் பதாகையிலும் சரி, கூர்மை குன்றாது. ஆனால் அதற்குள் வைக்கும் புகைப்படம் அப்படியன்று. அது புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் சிதறும்.

'ஜெயங்கொண்டம்' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எழுத்தெண்ணிப் பார்த்தால் ஜெ, ய, ங், கொ, ண், ட, ம் என ஏழு. இந்த ஏழையும் கணினி எவ்வாறு வைத்துக்கொள்கிறது என்பதை அறியாததே முதலில் சொன்ன விபத்துக்குக் காரணம். யூனிகோடு முறையில் 'கொ' என்பது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாக நினைவில் இருக்கும். திரையில் வரையும்போதோ, ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாக வரும். புள்ளி சில எழுத்துருக்களில் மெய்யெழுத்தோடு ஒட்டி ஒரே வடிவமாக இருக்கும். வேறு சிலவற்றில் தனி வடிவமாக நிற்கும். ஆக, நம் ஏழெழுத்துப் பெயர், எழுத்துருவைப் பொறுத்து 10 வடிவங்களாகவோ 13 வடிவங்களாகவோ பிரியும். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு வடிவம் என்றிருப்பதால், அங்கே எழுதப்பட்ட செய்முறைகளை அப்படியே பின்பற்றும் இளைஞர், கொம்புக்கு ஒரு படம், ககரத்துக்கு ஒரு படம், காலுக்கு ஒரு படம் என்று வைத்துவிடுகிறார். 'கொ' மூன்றாகப் பிளந்துபோகிறது. புள்ளியோ கேட்பாரற்று விடுபடுகிறது.

இனிச் செய்முறை. பருமனான எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய எழுத்தில் படம் வைப்பது நூலிழையில் கோலம் போடுவது போன்றது, ஒன்றும் தெரியாது. பாலூ தம்பி என்ற எழுத்துரு இதற்கு மிகவும் ஏற்றது. கட்டமரன் என்பதில் ஒன்பது பருமன்கள் உண்டு; அவற்றுள் கனத்ததைக் கொள்ளலாம். இரண்டும் இலவச உரிமத்தில் கிடைப்பவை. பெயரைத் தட்டெழுதிய பின், கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தி ஒரு நகல் எடுத்து, அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அடுத்த படி நடந்த பிறகு எழுத்து எழுத்தாக இராது, வெறும் உருவமாகிவிடும். பிழை கண்டால் திருத்துவதற்கு அந்த நகலே துணை.

இப்போது பெயரைத் தேர்ந்தெடுத்து, பாத் என்னும் பட்டியலில் ஆப்ஜெக்ட் டு பாத் என்பதை இயக்குங்கள். எழுத்துகள் வளைகோடுகளாகி ஒரு தொகுதியாக நிற்கும். ஷிப்ட், கண்ட்ரோல், ஜி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் தொகுதி பிரியும். ஒருமுறை பிரித்தால் போதும். இங்கேதான் பலர் பிரேக் அபார்ட் என்னும் கட்டளையைக் கொடுத்துக் கெடுக்கிறார்கள். அது எழுத்துக்கு எழுத்து பிரிப்பதோடு நில்லாமல், ஒவ்வோர் எழுத்தின் சுழிக்குள் உள்ள வெற்றிடத்தையும் தனித் துண்டாக்கிவிடும். விளைவு, 'ண' என்பது சுழியெல்லாம் அடைபட்ட கட்டியாகிவிடும். மெய்யோடு ஒட்டியிருந்த புள்ளியும் கழன்றுவிடும். தகட்டில் நடுத்துண்டு விழுந்த கதைதான் இது. கோரல்டிராவில் எழுத்தை வளைகோடாக்கியபின் பிரிப்பதற்கு இக்கட்டளையே வழியாக இருப்பதால், அங்கே சுழிகளையும் புள்ளிகளையும் தத்தம் எழுத்தோடு கம்பைன் கட்டளையால் மீண்டும் சேர்க்க வேண்டும். சேர்க்க மறந்த புள்ளியே நம் சங்கத்தின் சீட்டில் காணாமற்போன புள்ளி.

பிரித்தவற்றை எழுத்தெழுத்தாகக் கூட்டுவது அடுத்த வேலை. கொம்பு, ககரம், கால் மூன்றையும் ஷிப்ட் விசையைப் பிடித்தவாறு ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேர்ந்தெடுத்து, பாத் பட்டியலில் யூனியன் என்பதைக் கொடுங்கள். மூன்றும் ஒரே உருவமாகும். ஒன்றையொன்று தொடாமல் நின்றாலும் ஒன்றாகவே எண்ணப்படும். 'ஜெ'யின் கொம்பையும் ஜகரத்தையும் அவ்வாறே. 'ங்', 'ண்', 'ம்' மூன்றிலும் புள்ளி தனியே நின்றால் அதையும் கூட்டுங்கள். முடிவில் உருவங்களை எண்ணிப் பாருங்கள். ஏழுக்கு ஏழு வர வேண்டும். எட்டு வந்தால் எங்கோ ஒரு புள்ளியோ காலோ அநாதையாக நிற்கிறது. 'பெரம்பலூர்' என்றால் ஆறு, 'அரியலூர்' என்றால் ஐந்து. பாவு ஓட்டிய பின் இழையை எண்ணிச் சரிபார்க்கும் நெசவாளருக்கு இந்த எண்ணிக்கை ஒரு சுமையாகத் தோன்றாது.

படத்தைக் கொண்டுவர, ஃபைல் பட்டியலில் இம்போர்ட் என்பதைக் கொடுங்கள். படத்தைக் கோப்புக்குள்ளேயே பதிப்பதா, இணைப்பாக மட்டும் வைப்பதா என்று மென்பொருள் கேட்கும். எம்பெட், அதாவது பதிப்பதையே தேர்ந்தெடுங்கள். இணைப்பாக வைத்தால், கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி அச்சகம் சென்றதும் எழுத்தெல்லாம் வெறுமையாக இருக்கும்; படம் சங்கத்தின் கணினியிலேயே தங்கிவிட்டிருக்கும்.

படத்தை எழுத்தின் மேல் வைத்து, எழுத்து முழுவதும் மூடும்படி அளவைச் சரிசெய்யுங்கள். கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே மூலையை இழுத்தால் நீள அகல விகிதம் குலையாது. பின்னர் எண்ட் விசையை அழுத்தினால் படம் எல்லாவற்றுக்கும் அடியில் போய்விடும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு நகல் எடுங்கள். நகல் மேலே நிற்கும். அந்த நகலையும் படத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் பட்டியலில் கிளிப் என்பதற்குள் செட் கிளிப் என்பதைக் கொடுங்கள். தேர்ந்தெடுத்தவற்றுள் மேலே இருப்பது சாளரம், கீழே இருப்பது துணி என்பதே கணினியின் கணக்கு. வரிசை மாறினால் நினைத்த விளைவு வராது. பதறாமல் ஒருபடி பின்வாங்கி, வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போதும் படம் தெரியவில்லையே என்று தோன்றும். நகலெடுத்த மூல எழுத்து கரிய வண்ணத்துடன் மேலே படுத்து மறைத்துக்கொண்டிருக்கிறது. அதன் உள்வண்ணத்தை நீக்கி, மெல்லிய வெளிக்கோடு மட்டும் கொடுங்கள். படமும் தெரியும், விளிம்பும் தெளிவாக நிற்கும். வெள்ளைச் சீட்டில் வெளிர்நிறச் சேலையின் படத்தை வைக்கும்போது இந்த வெளிக்கோடு இல்லாவிட்டால் எழுத்து கரைந்துபோகும். உடலையும் கரையையும் கோர்வை எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறதோ, அவ்வளவு தெளிவு இங்கும் தேவை.

இவ்வாறே ஒவ்வோர் எழுத்துக்கும். படத்தை எழுத்துக்கு ஒரு நகலாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது வெவ்வேறு படமே வைக்கலாம். ஏழெழுத்திலும் ஒரே சேலையை விரித்தாற்போல வேண்டுமானால், ஏழையும் யூனியன் செய்து ஒரே சாளரமாக்கி ஒரே படத்தை வைப்பது போதும். கோரல்டிராவில் இதற்குப் பவர்கிளிப் என்று பெயர். படத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டளையைக் கொடுத்ததும் அம்புக்குறி ஒன்று தோன்றும், அதை எழுத்தின் மேல் வைத்துச் சொடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் எஃபெக்ட்ஸ் பட்டியலிலும், புதியவற்றில் ஆப்ஜெக்ட் பட்டியலிலும் இருக்கிறது.

ஜக்கார்டு அட்டைக்கு வரைதாளில் கட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு மற்றொரு வழி இன்னும் எளிது. புட்டா ஒன்றின் படத்தை, நான்கு புறமும் அடுத்த புட்டாவோடு பொருந்துமாறு ஒரு கட்டமாக வெட்டி, ஆப்ஜெக்ட் பட்டியலில் பேட்டர்ன் என்பதற்குள் சென்று அதனை மாதிரியாக்கிவிட்டால், அந்த மாதிரியை எழுத்துக்கு வண்ணம் போலவே நிரப்பலாம். எழுத்தை வளைகோடாக்க வேண்டிய அவசியமில்லை. பின்னால் பிழை கண்டாலும் தட்டெழுதித் திருத்தலாம். ஒரு புட்டாவே எழுத்து முழுவதும் திரும்பத் திரும்ப வரும். கட்டம் பொருந்தாவிட்டால் எழுத்துக்கு நடுவே தையல் விட்டாற்போல் கோடு தெரியும். அதைக் கண்டுபிடிப்பதில் நெசவாளர் கண்ணுக்கு நிகர் இல்லை. ஆனால் எழுத்துக்கொரு படம் வேண்டுமெனில் இவ்வழி உதவாது. மேலே சொன்ன முறையே வேண்டும்.

எதைப் படமாக வைப்பது என்பதில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். சங்கத்தார் பலரும் முதலில் கேட்பது கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தைத்தான். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்த அக்கோயில் நமக்குப் பெருமைதான். ஆனால் அவ்வளவு உயர்ந்த விமானத்தை 'ட' என்ற எழுத்துக்குள் வைத்தால், நிற்கும் கோட்டில் ஒரு துண்டுச் சுவரும், கிடக்கும் கோட்டில் கொஞ்சம் புல்தரையும் தெரியும். தமிழ் எழுத்தில் பரப்பு குறைவு, கோடு அதிகம். ஆகவே எந்தத் துண்டைப் பார்த்தாலும் இன்னதென்று தெரியக்கூடிய படமே தக்கது. சிறு கட்டம், நெருங்கிய புட்டா, ஜரிகைக் கரை, குவித்து வைத்த சின்ன வெங்காயம், வெடித்த பருத்தி, உரித்த மக்காச்சோளம், முந்திரிக்கொட்டை ஆகியவை நன்றாக அமையும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரத்தின் மேற்பரப்பை வைத்து ஒரு மாணவர் நமக்கு எழுதிக் காட்டினார், மிக அழகாயிருந்தது. ஆனால் வெங்காய மூட்டைக்குக் கல்மரம் எதற்கு என்று கேட்க வேண்டியதாயிற்று!

அதைவிட முக்கியம், அந்தப் படம் நம் சங்கத்துச் சரக்காகவே இருக்க வேண்டும் என்பது. இணையத்தில் தேடினால் பட்டுச் சேலைப் படங்கள் ஆயிரக்கணக்கில் வரும். அவை வேறொருவர் எடுத்த படம், வேறோர் ஊரின் நெசவு. அவற்றை நம் சீட்டில் வைத்தால், எடுத்தவரின் உரிமையையும் மீறுகிறோம், வாங்குபவரையும் ஏமாற்றுகிறோம். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்ட பின், பிறவூர்ப் பெயரை நம் சரக்கில் பொறிப்பது வழக்குக்கு இடமாகும். நம் பெயரைப் பிறர் மறைக்கிறார்கள் என்று குறைகூறும் நாமே, பிறர் நெசவை நம் பெயருக்குள் வைப்பது எப்படிப் பொருந்தும்?

சேலையைப் படமெடுப்பது கடினமன்று. காலை வேளையில், வெயில் நேரே படாத நிழலில், சுருக்கமின்றி விரித்து, கைப்பேசியைத் துணிக்கு நேர் எதிரே பிடித்து எடுங்கள். ஒளிவிளக்கைப் போட்டால் ஜரிகை வெள்ளைத் தழும்பாகிவிடும். பாவு இழை நேராக நிற்கட்டும். சாய்ந்தால் எழுத்துக்குள் அந்தச் சாய்வு மிகைப்பட்டுத் தெரியும்.

அளவுக் கணக்கு ஒன்று உண்டு. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் படம் தெளிவாக விழும். 6 சென்டிமீட்டர் அகலச் சீட்டென்றால் ஏறத்தாழ 710 புள்ளிகள். எந்தக் கைப்பேசிப் படமும் இதற்குப் போதும். தொலைவிலிருந்து காணும் 10 அடிப் பதாகைக்கு அங்குலத்துக்கு 72 போதும் எனினும், 120 அங்குலத்துக்கு 8,640 புள்ளிகள் வேண்டும். வாட்ஸப்பில் சாதாரணமாக வந்த படம் வழியிலேயே சுருக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு பதாகை அடித்தால் புட்டா கம்பளிப் பூச்சியாகிவிடும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள எழுத்துக்குள் படம் வைக்கவே வேண்டா. விலை, அளவு, சங்கத்தின் பதிவு எண் முதலியவற்றை வெறும் கறுப்பில் விடுங்கள். 2004-ல் வந்த பட்டு முத்திரை, 2006-ல் வந்த கைத்தறி முத்திரை ஆகியவற்றின் உருவத்தில் எக்காரணம் கொண்டும் படத்தை நிரப்புவதோ வண்ணத்தை மாற்றுவதோ கூடாது. அவை அத்தாட்சிகள், அலங்காரப் பொருள்கள் அல்ல.

திரையில் காணும் நிறம் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலப்பு. அச்சில் விழுவது நான்கு மைகளின் கலப்பு. ஆகவே அரக்கும் மயில் கழுத்தும் திரையில் மின்னியதுபோல் தாளில் மின்னா. முழு எண்ணிக்கையையும் அச்சிடச் சொல்லுமுன், ஒரே ஒரு மாதிரியை அச்சிட்டு வாங்கி, அசல் சேலையின் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் பார்த்துச் சம்மதம் சொல்வதன் பலனை முன்னரே சொல்லிவிட்டோம். அந்த மாதிரித் தாளை, கணினி வேலை அறியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வது நாம் இப்போது கைக்கொள்ளும் வழக்கம். படத்தில் மயங்காத கண் அவருடையது.

பழைய சங்கக் கட்டடங்களில் ஒரு சங்கடம் நேர்வதுண்டு. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகைகளில் 'விற்பனை' என்பதன் 'னை' தும்பிக்கை தூக்கிய பழைய வடிவில் இருக்கும். இன்றைய எழுத்துருவில் தட்டினால் புதிய வடிவமே வரும். பலகையைப் போலவே இருக்க வேண்டும் என்று முதியவர்கள் விரும்பினால், அதைக் கையால் வரைந்து படியெடுத்துச் சேர்க்கலாம். ஆனால் விலைச்சீட்டுக்கு வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். இளைஞர் படிக்கத் திணறுவர்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பு, எழுத்தெல்லாம் வளைகோடாக்கிய பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். அங்கே நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. சங்கத்தில் மூன்று கோப்புகளை வைத்துக்கொள்ளுங்கள்: தட்டெழுத்து நிலையிலேயே உள்ளது ஒன்று, படம் பொருத்தியது ஒன்று, அச்சுக்குக் கொடுத்தது ஒன்று. எந்தச் சேலையை யார் எந்த நாளில் படமெடுத்தார் என்பதை ஒரு வரியில் எழுதி, ஒப்புதல் அளித்த நிர்வாகக் குழுத் தீர்மானத்தோடும் மாதிரித் தாளோடும் சேர்த்துக் கோப்பில் கட்டுங்கள். அடுத்த தணிக்கைக்கு வரும்போது நாம் முதலில் கேட்பது அந்த மாதிரித் தாளைத்தான்.

உடையார்பாளையம் பக்கத்துச் சங்கத்தார் புதிய சீட்டை அச்சிட்டுவிட்டனர். பழைய சீட்டுகளின் பின்புறம் வெறுமையாக இருந்ததால், தறிக்கணக்குக் குறிப்பெழுத வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்மானத்தில் அதையும் பதிவு செய்திருக்கிறார்கள்; ஆட்சேபணை எழுப்ப நமக்கு இடமில்லை.